கறுப்புக் காரும் காய்ந்த துணியும்

என் மாமனாருக்கு அந்தக் கறுப்புக் காரை அடுத்தவரிடம் கொடுப்பது உயிரைக் கொடுப்பது மாதிரி. அத்தையின் நச்சரிப்பு தாங்காமல், இருவரும் வெளியூர் போன ஒரு வாரத்துக்கு மட்டும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் விட்டுப் போனார். ஒரு கோடு விழுந்தாலும் இனி அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எச்சரிக்கை வேறு.

ஐந்தாம் நாள் பானெட்டில் தூசி. மாமா தினமும் செய்வது போலவே காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். வெயில் ஏறியதும் குனிந்து பார்த்தேன். பானெட் முழுக்க வட்டவட்டமாக, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். தொலைந்தேன்.

அவர்கள் திரும்புகிற நாள் காலையில் ஒரு பாலிஷ்காரரைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். தூசியோடு காய்ந்த துணியைத் தேய்ப்பதும் உப்புத்தாளைத் தேய்ப்பதும் ஒன்றாம். முதலில் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்க வேண்டும். சோப்பு நுரைக்கு ஒரு வாளி, அழுக்கான கையுறையை அலச இன்னொன்று. ஒற்றி எடுக்க மெத்தென்ற துண்டு. திட்டிக்கொண்டே மெஷினை ஓட்டினார். ஒன்பதரைக்கு பானெட்டில் என் பல் தெரிந்தது.

அவரை அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காரைச் சுற்றி வந்தேன். நான் தொடவே தொடாத கதவுகளிலும் அதே வலை! பளபளக்கும் பானெட்டுக்குப் பக்கத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அடப்பாவி மாமா என்று வாய்விட்டே சொன்னேன்.

டாக்சியில் வந்து இறங்கிய மாமா பானெட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆளுக்கு வேர்த்துவிட்டது. அத்தை பைகளை இறக்கி முடிப்பதற்குள் என் காதோரம் குனிந்தார்.

"கதவை நீங்கதான் கீறுனீங்கன்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க மாப்பிள்ளை. மாசத்துல ஒரு வாரம் காரை எடுத்துக்கங்க."

எனக்கென்ன வலிக்குமா? அத்தை கதவருகே வந்து நின்றதும் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"நான்தான் அத்தை."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் கீறலை ஏழு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உங்க மாமா பளபளன்னு தொடைக்கிறதா நம்பிக்கிட்டிருக்காரே, மனசு நோக வேணாம்னு வாயைத் தொறக்கல. இனிமே நீங்களே கழுவுங்க மாப்பிள்ளை, நீங்களே வச்சுக்கங்க."

மாமாவின் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாகத்தான் இருந்தது. மரியாதைக்குச் சாவியை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.