அழுக்கு என்று பெயர் வாங்கிய வலை

இத்தாலியின் பீசா நகரத்து நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் பெர்லிங்கியேரியிடம் படித்த யாருக்கும் ஒரு பாடம் மறக்காது. மூளையில் சில செல்களைச் சுற்றி, நுண்ணோக்கியில் வலை போல ஒன்று தெரியும். அது வலை இல்லை; சாயம் சரியாகப் போகாமல் படிந்த அழுக்கு. "கழுவுங்க, இன்னொரு தடவை கழுவுங்க" என்பார். இருபது வருடத்துக்கும் மேலாக மாணவர்கள் கழுவிக்கொண்டே இருந்தார்கள்.

அவருடைய ஆய்வாளர்களில் ஒருத்தியான ஃபியோரென்சா மட்டும் கழுவவில்லை. குட்டி எலியின் மூளையில் காணாத அழுக்கு, எலி வளர்ந்ததும் குறிப்பிட்ட ஒரு வகைச் செல்லையே தேடிப்பிடித்து எப்படிப் படிகிறது என்று யோசித்தாள்.

குட்டி எலியின் ஒரு கண்ணை மூடிவைத்தால், அதன் மூளை திறந்த கண் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு அதன் பக்கமே சாய்ந்துவிடும். வளர்ந்த எலியிடம் இந்த வேலை நடக்காது. மூளை இறுகிவிட்டது, அவ்வளவுதான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஃபியோரென்சா அந்த வலையைக் கரைக்கும் நொதியை வளர்ந்த எலியின் மூளையில் விட்டு, அதன் ஒரு கண்ணை மூடிவைத்துப் பார்த்தாள். வலை கரைந்தது. எலி முழுசாக வளர்ந்த எலி. மூளையோ குட்டி மூளை மாதிரி சாய்ந்தது.

ஓடிப்போய்ப் பேராசிரியரை அழைத்து வந்தாள்.

"புரொபசர், இங்க வலை இருக்கு. இதுல கரைஞ்சு போச்சு. பாருங்க."

அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்மா. கடைசியில ஒழுங்கா கழுவக் கத்துக்கிட்டே."

கட்டுரை, கூடத்தின் தலைவர் என்ற முறையில் பேராசிரியர் பெயரோடு, வெளிநாட்டு இதழில் வந்தது. மறுவாரம் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். விளக்குக்கு முன்னால் பெர்லிங்கியேரி நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்து, "இந்த வலையோட நான் இருபது வருஷத்துக்கு மேல போராடியிருக்கேன்" என்றார். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

பல்கலைக்கழகப் பெரிய மண்டபத்தில் அவருக்குச் சிறப்புச் சொற்பொழிவு ஏற்பாடானது. திரையில் ஃபியோரென்சா எடுத்த படம் விழுந்தது. அவர் குச்சியை நீட்டி, வாய்ப் பழக்கத்தில், "இங்க பளபளன்னு தெரியுது பாருங்க, இதுதான் அழுக்கு" என்று சொல்லிவிட்டார்.

சட்டென்று குச்சியை இறக்கினார்.

"அதாவது… அழகு!" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. அவருடைய நகைச்சுவை உணர்வைப் பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் பின்வரிசையில் ஃபியோரென்சா வாய்விட்டுச் சிரித்தது அவர் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் அவளுக்கு ஆய்வறையில் வேலை இல்லை. 'கிழ மூளை இனி இளமூளை' என்று செய்தி படித்துவிட்டு வாசலில் குவிகிறவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

அன்றைக்கு எர்சீலியா என்ற அம்மாள் தன் கணவர் குவால்தியேரோவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார்த்தினாள்.

"டாக்டரம்மா, இவருக்கு அந்த மருந்தைப் போட்டு விடுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பக்கத்து ஊர் லிவோர்னோக்காரனைப் பத்தி ஒரே ஜோக்கைச் சொல்றார். எங்கம்மா சாவுல கூடச் சொன்னார்."

"நல்ல ஜோக்குமா அது" என்றார் குவால்தியேரோ. "ஒரு லிவோர்னோக்காரன் நம்ம சாஞ்ச கோபுரத்துக்கு வந்து…"

"பாத்தீங்களா? ஆரம்பிச்சிட்டார்!"

ஃபியோரென்சா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அம்மா, இது எலிக்குத்தான். அதுவும் மண்டையில துளை போட்டு விடணும்."

"யார் மண்டையில?" என்று குவால்தியேரோ தொப்பியை இறுக்கிக்கொண்டார்.

"அதோட, வலை சும்மா இல்லை. புதுசு உள்ள வர விடாத அதே வலைதான் பழசு கலையாமலும் பாத்துக்குதுன்னு தோணுது. அதைக் கரைச்சா பழசுல எது எது போகும்னு எங்களுக்கே தெரியாது."

எர்சீலியாவின் முகம் மாறியது. "அப்ப என்னை மறந்துடுவாரா?"

"எலி சம்சாரத்தை வெச்சு நாங்க இன்னும் சோதிக்கலைம்மா."

குவால்தியேரோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "துளை போட்டாலும் பரவாயில்லை, டாக்டரம்மா. போட்டுடுங்க."

"எந்திரிங்க!" என்று எர்சீலியா அவரைத் தூக்காத குறையாக வெளியே தள்ளிக்கொண்டு போனாள். மனைவியின் திட்டுக்கு நடுவிலும் அந்த லிவோர்னோக்காரன் கோபுரத்தில் ஏறிக்கொண்டிருப்பது கூடம் முழுக்கக் கேட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்த ஃபியோரென்சாவுக்கு, இந்த வாசலில் காலம் தள்ள முடியாது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. மேலே போய் விலகல் கடிதம் கொடுத்தாள்.

திரியெஸ்தே நகரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் அவளைச் சேர்த்துக்கொண்டது. பெர்லிங்கியேரிக்குத் தேசிய விருது கிடைத்தது. பாராட்டுரையின் அடியில் உதவியவர்களோடு அவள் பெயரும் இருந்தது, எழுத்துப் பிழையோடு. திருத்தச் சொல்லிக் கேட்க அவளுக்கு அன்று நேரமில்லை. சிறு வயதிலிருந்தே ஒரு கண் மங்கிப்போயிருந்த கிழட்டு எலி ஒன்று, அவள் வலையைக் கரைத்தபின் முதல்முறையாக அந்தக் கண்ணால் கோடுகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தது.