சிவப்பு மையில் ஒரு உத்தரவு

சுரண்டி எடுத்த பழைய ரோட்டை மறுபடி ரோடாக்கலாம் என்று என் மாமனாருக்குப் புரியவைக்க இரண்டு வருடம் ஆனது. எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதிக்கக்கூட அவர் அவ்வளவு இழுக்கவில்லை. பழைய ரோட்டுத் தூளில் கல்லும் இருக்கிறது, தாரும் இருக்கிறது. நூறு கிலோ கலவையில் முப்பது கிலோ அதைச் சேர்த்தால் அந்த அளவுக்கு மலையை உடைக்க வேண்டாம், புதுத் தாரும் குறைவாகப் போதும். மூன்றாம் வகுப்புக் கணக்கு. ரோட்டுக்குத் தார்க்கலவை செய்யும் ஆலை அவருடையது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒருவழியாக அவர் சம்மதித்து, தூளைக் கலக்க ஆரம்பித்து ஆறு மாதம் ஓடியது. இன்று காலை டீசல் டேங்கை அளந்த குச்சியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, உன் குப்பையைக் கலக்க ஆரம்பிச்சதுலேர்ந்து உலை டீசலைக் குடிச்சுத் தள்ளுது. மத்தியானம் லாரி வருது. குவியலை அள்ளிப் பள்ளத்துல கொட்டச் சொல்லிட்டேன்."

"அது குப்பை இல்ல மாமா."

"எதுவா இருந்தா என்ன? கொட்டியாச்சுன்னா நிம்மதி."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. உலைக்காரரிடம் பர்னர் வைக்கத் தெரியவில்லை என்று பாய்ந்தேன். எடைமேடைக்காரரையும் விடவில்லை. கடைசியில் லோடர் ஓட்டும் அண்ணனிடம் போய், குவியலில் தண்ணீர் ஊற்றினாரா என்று கேட்டேன். அவர் குவியலை மூடியிருந்த தார்ப்பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

உட்பக்கமெல்லாம் சொட்டுச் சொட்டாக நீர். ரோட்டைச் சுரண்டும்போது தெளித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வியர்த்துக் கிடந்தது. அந்த ஈரத்தைக் காயவைக்கத்தான் உலை டீசலை விழுங்கியிருக்கிறது.

"எந்தப் புண்ணியவான் இதை இப்படி இறுக்கிக் கட்டினது?"

"உங்க மாமாதான். தினமும் சாயங்காலம் அவரே வந்து கட்டுவாரு."

மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் துள்ளினேன். அண்ணன் அதை அரை நிமிடம்கூட அனுபவிக்க விடவில்லை.

"நீங்கதானே எழுதி ஒட்டினீங்க, குவியலை மூடாம யாரும் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு."

ஒட்டியிருந்தேன். மழைக்குப் பயந்து முதல் வாரமே, சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு. பேசாமல் கிழித்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் நான் வாயைத் திறக்காவிட்டால் குவியல் பள்ளத்துக்குப் போய்விடும். காகிதத்தை உரித்து எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன்.

அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுதான் மாமா. மூடினதாலதான் ஈரம் தங்கிடுச்சு. நாலு தூண் நட்டு மேல கூரை மட்டும் போட்டா காத்து போகும், டீசலும் குறையும்."

காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு மாசமா இந்த முட்டியோட குனிஞ்சு குனிஞ்சு கட்டினேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

இரண்டு வருடம் இந்த மனிதரைத்தான் பிடிவாதக்காரர் என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் போனை எடுத்து லாரிக்காரரைக் கூப்பிட்டார்.

"பள்ளத்துக்கு வேணாம்பா. வர்ற வழியில நாலு இரும்புத் தூண் ஏத்திக்கிட்டு வா."

தார்ப்பாயின் பன்னிரண்டு முடிச்சையும் நானே அவிழ்த்தேன். ஒன்றுகூடத் தளர்வாக இல்லை.