பையில் இருந்த அதிமதுரம்

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்று பொருத்தப்பட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்ப் பெயர்கள், முப்பது நடைமேடை எண்கள், "புறப்படத் தயாராக உள்ளது" என்ற ஒரு வாக்கியம். இவற்றை, அங்கே அறிவிப்புச் சொல்லும் மைக் அக்கா ஒருமுறை வாசித்துக் கொடுத்துவிட்டால் போதும், அடுத்த மாதத்திலிருந்து இயந்திரமே கோத்துப் பேசிக்கொள்ளும். பத்தொன்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வேறு வேலை தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். என்ன வேலை என்று சொல்லவில்லை.

டீசல் புகையிலும் புழுதியிலும் அந்தக் குரலைக் காப்பாற்றியது அவளுடைய துணிப்பைதான். கமறலுக்கு அதிமதுரத் துண்டு, சளிக்குச் சித்தரத்தை, குரல் கம்மினால் வெற்றிலையில் மடித்த வால்மிளகு. கத்திக் கத்தி ஓய்ந்த நடத்துநர்கள் ஜன்னலில் கை நீட்டுவார்கள். "மெல்லு, முழுங்கிடாத. சாறு மட்டும் இறங்கணும்" என்று அதட்டித்தான் கொடுப்பாள்.

அன்று முதல் ஊரின் பெயரே பாதியில் உடைந்தது. வெள்ளிக்கிழமை பிடித்த ஜலதோஷம். ஜன்னலோரம் நின்ற ஓட்டுநர் சிரித்தார்.

"என்னக்கா, பிரேக் தேஞ்ச வண்டி மாதிரி இழுக்குது?"

மேலாளர் வெந்நீர் வரவழைத்தார். அவள் தொடவில்லை.

"ஊருக்கே வைத்தியம் பாக்குறீங்களேம்மா, உங்க தொண்டைக்கு ஒண்ணுமில்லையா?"

"இருக்கு சார். பையிலதான் இருக்கு."

"அப்ப போட்டுக்கங்க. மத்தியானம் ஆரம்பிக்கலாம்."

"போட மாட்டேன்."

ஓட்டுநரின் சிரிப்பு நின்றது. "அக்கா, வேலைக்கே உலை வச்சிருவாங்கக்கா."

"வேலையப் பிடுங்கத்தானப்பா கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு நானே தொண்டையச் சரி பண்ணிட்டு வந்து உக்காரணுமா?"

ஒரு துண்டு மென்றால் மத்தியானத்துக்குள் குரல் திறந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நினைத்த மாத்திரத்தில் நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. அவள் வீட்டில் படுத்துக் கிடக்கும் நாளிலும், செத்த பிறகும், அந்தக் குரல் மட்டும் இங்கே நின்றுகொண்டு ஏழாவது நடைமேடைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சம்பளமில்லாமல். எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"ஒத்துழைக்க மறுத்தேன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றார் மேலாளர்.

"பேப்பர் குடுங்க சார். கைக்கு ஜலதோஷம் இல்ல."

எழுதினாள். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

ஜூலையில் இயந்திரம் பேசத் தொடங்கியது. வேறொரு பெண்ணின் குரல். மைக் அக்காவைப் பார்சல் அறைக்கு மாற்றினார்கள். முதல் நாள் பதினோரு பேர் பார்சல் ஜன்னலுக்கு வந்து, தங்கள் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். சொன்னாள்.