பதினான்கு அங்குலமா, இருபத்திரண்டு அங்குலமா?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஆண்டு தேசிய தினத்தன்று என் நண்பன் முகம்மது யூசுப்புக்கு என் வீட்டில் ஆட்டுத்தொடையைப் புகையில் வேகவைத்துப் பரிமாறினேன். இறைச்சி தேக்கா சந்தையில் ஹலால் கடையில் வாங்கியது. கத்தி புதிது, இடுக்கி புதிது, தட்டுகள் புதியவை. இதையெல்லாம் அவனிடம் பெருமையாகப் பட்டியல் போட்டேன். அவன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்று நாள் கழித்து என் மச்சான் சிதம்பரம் போன் செய்தான். "அத்தான், விருந்துக்கு முந்தின வாரம் நீங்க ஊர்ல இல்லாதப்ப உங்க ஸ்மோக்கர்ல பன்றி விலா போட்டேன். செம டேஸ்ட்லா!" என்றான்.

எல்லாவற்றையும் மாற்றிய நான் ஸ்மோக்கருக்குள் இறைச்சியை வைக்கும் கம்பித் தட்டை மாற்றவில்லை. ஓராண்டாகிறது. யூசுப்பிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கதை அதனால்தான் எழுதப்படுகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கரி ஸ்மோக்கர் என்பது உயரமான இரும்புப் பீப்பாய். அடியில் கரி, நடுவில் தண்ணீர், மேலே இறைச்சி. அடுக்குமாடி வீடுகளில் இதற்கு வழியில்லை. தரைவீட்டுக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்த இந்தச் சுகம்—"

நிறுத்திவிட்டேன். கட்டுரை எழுதித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

இரண்டாம் முயற்சி: "மாணிக்கம் என்றொருவர் இருந்தார். அவருக்கு ஒரு முஸ்லிம் நண்பர்—"

மாணிக்கத்தை என்னால் நம்ப முடியவில்லை. (மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். மனிதர் முதல் பக்கத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார். அவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?) அவரை அனுப்பிவிட்டேன். தவறு செய்தவன் பெயர் நடேசன். நான்தான்.

3

வரும் சனிக்கிழமை மறுபடியும் தேசிய தினம், மறுபடியும் விருந்து. பழைய ஸ்மோக்கரில் யூசுப்புக்கு இனிச் சமைக்கமாட்டேன். அதில் மாற்றமில்லை. புதிது வாங்க வேண்டும். எந்த அளவில்?

பதினான்கு அங்குலம் வாங்கினால் யூசுப் குடும்பத்துக்கு மட்டும் போதும். பழையது சிதம்பரத்துக்கு இருக்கட்டும். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் யூசுப் ஏன் என்று கேட்பான். கேட்டால் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு அங்குலம் வாங்கினால் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லோருக்கும் ஒன்றிலேயே ஹலாலாகச் சமைக்கலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சாகும்வரை நான் வாயைத் திறக்க வேண்டாம்.

(சிறியதில் கரி சீக்கிரம் தீரும், பெரியது காலையில் மூட்டினால் மாலைவரை தாங்கும் என்றெல்லாம் இணையத்தில் விளக்குகிறார்கள். எனக்கு வேண்டிய விளக்கம் அங்கே இல்லை.)

என் மனைவி பாக்கியலட்சுமிக்குச் சந்தேகமே இல்லை.

"பெரிசையே வாங்குங்க. யூசுப் அண்ணே தெரியாமத்தானே சாப்பிட்டாரு? தெரியாமச் சாப்பிட்டா அவங்களுக்குப் பாவமில்லையாம். இப்பப் போய்ச் சொல்லி அவர் மனச ஏன் நோகடிக்கணும்?"

"அவனுக்குப் பாவமில்ல. எனக்கு?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

4

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். யூசுப்பும் கூட வந்தான். (நான் கூப்பிடவில்லை. தேக்காவில் டீ குடிக்கும்போது எங்கே போகிறாய் என்று கேட்டான், தொற்றிக்கொண்டான். கதைக்காக இட்டுக்கட்டியது என்று நினைத்தால் அது உங்கள் பாடு.)

"பழசுக்கு என்னாச்சு? நல்லாத்தானே இருந்துச்சு?"

நடேசன் அவன் கண்ணைப் பார்த்து உண்மையை—

இல்லை. "துருப்பிடிச்சிடுச்சு" என்றேன். ஒரு பொய்யின் மேல் இன்னொரு பொய். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

யூசுப் இரண்டையும் தட்டிப் பார்த்தான். "பெரிசை எடுலா. இந்த வருஷம் வைஃபோட தம்பிங்களையும் கூட்டிட்டு வரேன். அவங்க வெளிய எங்க போனாலும் நூறு கேள்வி கேட்டுத்தான் வாயில வைப்பாங்க. நடேசன் வீட்டுல கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்னு நான் வைஃப்கிட்டயே சொல்லிட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக்காரரிடம் முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தேன்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பெரியதை வாங்குகிறேன், எல்லோரும் வயிறாரச் சாப்பிடுகிறார்கள், தொலைக்காட்சியில் வாணவேடிக்கை. நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப்போட்டேன்.

இன்னொன்றில் நான் சொல்கிறேன், யூசுப் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். அதை எழுத எனக்கு உரிமையில்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பது அவன் விஷயம், அதையும் நானே எழுதிக்கொண்டால் பிறகு அவன் எதற்கு?

மூன்றாவதில் அவன் எழுந்து—

இதற்குமேல் கை வரவில்லை.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவன் யூசுப். முப்பது ஆண்டுகளாக அப்படித்தான். இன்று அவன் மாலை அசர் தொழுகையை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நேரத்தில், அவன் குடியிருக்கும் மார்சிலிங்குக்குப் போய் இந்தப் பக்கங்களை அவன் கையில் கொடுக்கப்போகிறேன். பாக்கியலட்சுமி வேண்டாம் என்கிறாள். கொடுக்கத்தான் போகிறேன்.

6

மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு முடிவு சொல்லும் உரிமை ஒருவனுக்குத்தான்.

யூசுப், உன்னை ஏமாற்றிவிட்டேன். அன்றைக்கு நடந்தது தெரியாமல் நடந்தது. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தே செய்தது. அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். சிறியதா பெரியதா, நீ சொல்வதை வாங்குகிறேன். "இனி உன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன்" என்றாலும் சொல். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அதையே முடிவாகப் போடுகிறேன்.

இதை நீ படிக்கும்போது உன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பேன். நீ இறங்கி வராவிட்டால் நாளைக்கும் வருவேன். நாளை மறுநாளும் வருவேன்.