வயிறு பேசும் வீடு

மனித குல வரலாற்றில் இதுவரை நடந்த எந்த ஆராய்ச்சியும் ஒரே ஒரு நோயாளியைக்கூடப் புரட்டிப் படுக்க வைத்ததில்லை. ஆண்கள் வார்டின் மூத்த நர்ஸ் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. பதினாறு வருட சர்வீஸ். மூக்கு வழியாக உணவுக்குழாயை இறக்கி, சிரிஞ்சால் கொஞ்சம் காற்றைத் தள்ளி, வயிற்றின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். ‘குளுக்’ என்று கேட்டுவிட்டால் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தக் காதுக்காகவே வார்டில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். கிண்டலுக்கு வைத்தார்கள். அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

புதிதாக மாற்றலாகி வந்த சிஸ்டர் அதில் மண்ணைப் போட்டாள். குழாய் வழியாகச் சில துளிகளை மேலே இழுத்து, சோதனைத் தாளில் விட்டு, இரைப்பை அமிலம் பட்டு அது ஆரஞ்சு நிறமாகிறதா என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பால் ஊற்ற வேண்டுமாம். குழாய் தவறி மூச்சுக்குழலுக்குள் போயிருந்தாலும் அதே ‘குளுக்’ கேட்குமாம். ஆராய்ச்சிகள் அப்படித்தான் சொல்கின்றனவாம்.

“இதுக்கு முன்னாடி பெயிண்ட் கடையில இருந்தியாம்மா? கலர் அட்டையோடவே சுத்துற.”

“நீங்க ரேடியோ ஸ்டேஷன்ல இருந்தீங்களாண்ணே? எல்லாத்தையும் சத்தத்தை வச்சே சொல்றீங்க.”

வார்டே சிரித்தது. பாம்புச்செவியும் சிரித்து வைத்தார். ஆனால் அது அவர் வீட்டுக்குள் வரை போய்க் குத்தியது.

வீட்டில் அவரும் அப்பாவும் மட்டும்தான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினோரு மாதமாகிறது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வரவில்லை. மூக்கில் குழாய், கண் எப்போதும் மின்விசிறியில். டியூட்டி முடிந்து வந்ததும் பாம்புச்செவி கட்டிலருகே உட்கார்ந்து காற்றைத் தள்ளுவார்.

“என்னப்பா, பசியா?”

குளுக்.

“பெரிய டாக்டர் இன்னிக்கு என்னை எல்லார் முன்னாடியும் திட்டிட்டாருப்பா. தப்பு அவரு மேலதானே?”

இன்னும் கொஞ்சம் காற்று. குளுக்.

அப்பா எப்போதும் இவர் கட்சிதான். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு நடக்கிற பேச்சுவார்த்தை மொத்தமும் அவ்வளவே. அதையும் நம்பாதே என்று ஒரு தாள்துண்டு வந்து சொன்னால் மனிதனுக்கு ரோஷம் வராதா?

புதன்கிழமைக் கூட்டத்தில் சிஸ்டர் ஐந்து ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினாள். பயிற்சிக்கென்று எடுத்தவை. எது வயிறு, எது இல்லை என்று சொல்ல வேண்டும். பாம்புச்செவி கண்ணை மூடி, கச்சேரி கேட்பவர்போல் தலையை ஆட்டிக் கேட்டார்.

“அஞ்சும் வயிறு. அடுத்த கேள்வியைக் கேளு.”

மூன்றுதான் வயிறு. இரண்டு மூச்சுக்குழல்.

“ஸ்பீக்கர் சரியில்ல,” என்றார்.

“இருக்கலாம்ணே,” என்றாள் அவள். சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தாலாவது தேவலாம் போலிருந்தது அவருக்கு.

வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் நின்றார். அந்தத் தாளில் ஒரு பெட்டி கேட்டார்.

“யாருக்கு சார்?”

“பக்கத்து வீட்டுக்காரருக்கு.”

வீட்டில், பகலில் சம்பளத்துக்கு வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தோளில் கைப்பையோடு வாசலிலேயே நின்றிருந்தாள். “தம்பி, மத்தியானத்துலேருந்து இருமிக்கிட்டே இருக்காரு. மூக்குல டேப்பு விட்டுப்போச்சு, நான்தான் புதுசா ஒட்டினேன். பால் குடுக்க பயமா இருந்துச்சு, நீங்க வரட்டும்னு விட்டுட்டேன்.”

“நல்ல வேலை பண்ணீங்கக்கா. நான் பாத்துக்கறேன்.”

அவள் போனதும் வீடு பழையபடி அடங்கிவிட்டது. உதட்டின் நிறத்தைப் பார்த்தார், மூச்சை எண்ணினார். பிறகு காற்றைத் தள்ளி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

“பசிக்குதாப்பா?”

குளுக். மணி அடித்தாற்போல் சுத்தமான பதில்.

பாலை சிரிஞ்சில் எடுத்தாயிற்று. குழாயருகே கொண்டுபோயும் ஆயிற்று. கை அங்கேயே நின்றது. அந்த இரண்டு மூச்சுக்குழல் பதிவுகளும்கூட இதே சுத்தத்தோடுதான் கேட்டன.

பாலை ஓரமாக வைத்தார். இன்னொரு சிரிஞ்சை மாட்டி மெதுவாக இழுத்தார். கொழகொழவென்று கொஞ்சம் வந்தது. தாளில் விட்டு, பெட்டி சொன்ன நேரம் பொறுத்திருந்தார். பச்சை. அமிலமே இல்லாத பச்சை.

அப்படியானால் சற்றுமுன் பசிக்கிறது என்று சொன்னது யார்? இந்தப் பதினோரு மாதத்தில் இன்னும் எத்தனை தடவை?

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய குழாயை உருவினார். இருமல் அடங்கி மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்பாவைத் தலையணையில் சாய்த்து நிமிர்த்தி, புதுக்குழாயை அளந்து இறக்கினார். “முழுங்குப்பா... இன்னும் ஒரு தடவை... அவ்வளவுதான்.” கை தன்போக்கில் கழுத்துக்குப் போய் ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டது. அதை எடுத்து மேசையில் வைத்தார்.

மறுபடி இழுத்தார். ஒரு துளி. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அட்டையிலுள்ள நிறங்களோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். ஆரஞ்சு. கண்ணை நம்பாமல் இன்னொரு தாளிலும் பார்த்தார். அதுவும் ஆரஞ்சு.

“சாப்பிடலாம்பா,” என்றார்.

பதிலுக்காகக் காற்றைத் தள்ளவில்லை. பால் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.