தெற்கே பார்த்த ஜன்னல்

புகை வந்ததும் பதறிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டேன். திசைகாட்டியின் முள் சட்டென்று வடக்கே போய்விட்டது, அக்கா மட்டும் போகவில்லை. டிக்கெட் ஜன்னலில் தெற்கே பார்த்து நின்று, சிரித்துக்கொண்டே சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதே.

அக்கா வடக்கு பார்த்தவள். நிற்கப் பழகிய அன்றைக்கே வடக்கே திரும்பி நின்றாளாம்; பிடித்துத் திருப்பினால், கையை எடுத்ததும் பழையபடி. பள்ளிக்கூடம் தெற்கே இருந்ததால் பத்து வருஷம் பின்பக்கமாகவே நடந்து போனாள், ஒரு தடவைகூட விழவில்லை. புது டாக்டர் யாரைப் பார்த்தாலும் அம்மா தடுப்பூசி விவரத்தோடு இதையும் சொல்வாள், அவர்களும் எழுதிக்கொள்வார்கள்.

போன மாதம் அவளுக்கு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. தானாகப் போய்க் கேட்டு வாங்கிய முதல் வேலை. கவுண்டர் ஜன்னலோ தெற்கே பார்த்தது. எதிர்ச் சுவரில் கண்ணாடி மாட்டி, தோளுக்கு மேலே கையை நீட்டி டிக்கெட் கொடுத்தாள். யாருக்கும் தப்பான சீட்டு போகவில்லை, ஆனாலும் முதுகிடம் டிக்கெட் வாங்க ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முகத்தைக் காட்டாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார் மேனேஜர்.

அந்த வாரம்தான் பாடத்தில் படித்திருந்தேன்: கரண்ட் ஓடும் கம்பிக்கும் காந்தப்புலம் உண்டு, பூமியின் புலத்தோடு ஒரே திசையில் சேர்ந்தால் கூடும், எதிராக வந்தால் கழியும். அப்பா வயர்மேன். அவருடைய கம்பிச் சுருள் ஒன்றை எடுத்துப் போய், கவுண்டர் அறையின் கிழக்குச் சுவரில் ஏற்றி, கூரையில் ஓட்டி, மேற்கில் இறக்கி, தரையோடு திருப்பி, இருபது சுற்று சுற்றினேன். அவசரத்தில் பேட்டரியில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ரெண்டு புலமும் கூட்டு சேர்ந்துகொண்டன. அக்காவால் கழுத்தைக்கூட அசைக்க முடியவில்லை.

"ஏண்டி, என்னை ஒரேயடியா ஆணி அடிச்சு வைக்கப் பாக்கிறியா?" என்று சுவரிடம் கேட்டாள்.

மாற்றிக் கொடுத்து, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். முள் தள்ளாடி, போக்கிடம் தெரியாமல் நின்றது. அக்கா மெல்லத் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்த ஒருவர் நின்றார். கண்ணாடி இல்லாமல் அவள் நேருக்கு நேர் பார்த்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். எத்தனை டிக்கெட் என்று கேட்பதற்கு முன்னால், பம்பரம் மாதிரி மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தாள். வரிசையே கை தட்டியது. அன்றைக்கு எல்லா ஆட்டமும் ஹவுஸ்ஃபுல்.

மூன்றாம் நாள்தான் கம்பியின் உறை புகைந்தது. அதற்கப்புறம் பேட்டரியை நான் இணைக்கவே இல்லை. அறைக்கு வெளியே அவள் பழைய அக்காதான். மேற்கே இருக்கும் வீட்டுக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வருகிறாள். ஆனால் தினமும் கவுண்டருக்குள் கால் வைக்கும்போது, "கரண்ட் ஓடுதாடி?" என்று கேட்கிறாள்.

"ஓடுதுக்கா."

உடனே திரும்பி ஜன்னலைத் திறக்கிறாள். மேனேஜர் அவளை நிரந்தரமாக்கிவிட்டார். அம்மா தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

நாளைக்கு அப்பா தியேட்டர் வயரிங்கைப் பார்க்க வருகிறார். செத்த கம்பி எது என்று அவருக்கு ஒரு பார்வை போதும், மனதில் வைத்துக்கொள்ளவும் தெரியாது. அதற்கு முன்னால் நானே அக்காவிடம் சொல்லிவிட்டால், அவள் ஜன்னலைப் பார்த்து நிற்பாளா, சுவரைப் பார்த்து நிற்பாளா?