எட்டில் ஒரு விரல்

பிரவீன்ராஜின் கல்யாணத்துக்கு எங்கள் மாதா கோயிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மணமகன் பெயர், அவனுடைய அப்பா அம்மா பெயர், மணமகள் பேட்ரிசியா, அவளுடைய பங்குக் கோயில், எல்லாவற்றையும் சாமியார் நிதானமாகப் படித்தார். கடைசியில், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்றார். எனக்கு ஒரு தடை தெரியும். மாப்பிள்ளைக்குத் தாளத்தில் ஒன்று எங்கே விழுகிறது என்று தெரியாது. இதைப் போய்ச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது?

நானும் அவனும் இரண்டு வருடமாக ஸ்ரீரங்கத்தில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், சனி ஞாயிறு சாயங்காலம் சல்சா டான்ஸ் சொல்லிக்கொடுக்கிறோம். மற்ற நாட்களில் நான் கணக்கு டீச்சர். அவனுக்கு பைக் ஷோரூமில் வேலை. ஸ்ரீரங்கத்தில் சல்சாவா என்று கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கட்டும். புரட்டாசிச் சனிக்கிழமையில்கூட எங்களுக்குப் பத்துப் பேர் வந்தார்கள்.

சல்சாவின் அடிப்படை எளிது. எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று அடி வைத்துவிட்டு நாலில் நிற்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு வைத்துவிட்டு எட்டில் நிற்க வேண்டும். ஆட்டத்தை நடத்துகிறவன் ஒன்றில் இடது காலை முன்னால் வைப்பான். கூட ஆடுகிறவள் அதே ஒன்றில் வலது காலைப் பின்னால் வைப்பாள். இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பாவிட்டால் முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொள்ளும்.

பிரவீன்ராஜ் அந்த ஒன்றைத் தேடித் தேடி, இரண்டில்தான் காலை எடுப்பான். மூன்று வருடம் முன்னால் அவன் கற்றுக்கொள்ள வந்து, நாங்கள் முதன்முதலில் சேர்ந்து ஆடிய அன்று நாலு தடவை இடித்தான். காது சிவந்து போய், "எனக்கு இது வராதுங்க, நான் கெளம்பறேன்" என்று ஷூவைத் தேடினான். அவன் போவதில் எனக்கு விருப்பமில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என்று நிறுத்தி, எட்டு வந்ததும் அவன் தோளில் வைத்திருந்த இடது கையின் ஒரு விரலால் லேசாக அழுத்தினேன். அவனுடைய கால் தன்னால் ஒன்றில் போய் விழுந்தது. என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. "வந்துருச்சுங்க!" என்று சிரித்தான். நான் தொலைந்தது அந்தச் சிரிப்பில்தான்.

மூன்று வருடம் அழுத்தினேன். தானே நடத்துவதாகவும் நான் பின்னால் வருவதாகவும் அவன் நம்பிக்கொண்டிருந்தான். "என் லீடுக்கு நீ மட்டும்தான் கரெக்டா வர்ற" என்று பாராட்டு வேறு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தானாக எண்ணக் கற்றுக்கொண்டிருப்பான். அப்புறம் என் விரல் எதற்கு? அதனால் சொல்லவில்லை. மனசில் இருந்ததையும் இதே லட்சணத்தில்தான் வைத்திருந்தேன். விரலால் அழுத்தினால் மனசு புரியும் என்று காத்திருந்த மடச்சி நான்.

ஒருநாள் மாடியைப் பூட்டும்போது, "பிரான்சி, வீட்ல பொண்ணு பாத்துட்டாங்க. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றான். சாவி பூட்டிலேயே நின்றது. "ரிசப்ஷன்ல நாங்க ரெண்டு பேரும் ஆடணும். நீதான் அவளுக்குச் சொல்லித்தரணும்."

"சரிடா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பேட்ரிசியாவின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கழுத்தில் தாலி ஏறும்வரை மாப்பிள்ளை பெண்ணைத் தொடக்கூடாது. ஆகவே ஒத்திகையில் அவன் கிடையாது. அவன் இடத்தில் நான் நின்று ஆட வேண்டும். மூன்று ஓலைக்கு மூன்று ஞாயிறு, மூன்று வகுப்பு. அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்துகொள்ள, அவன் கட்டிக்கொள்ளப்போகிறவளை நான் பிடித்துக்கொண்டு ஆடினேன். யாருக்கு வரும் இந்தத் தலையெழுத்து?

அவளைக் கண்டாலே எரிச்சலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாவம், அவள் அதற்கு இடமே தரவில்லை. லேப் டெக்னீஷியன், இருபத்தைந்து வயது, சொன்னதைச் சொன்னபடி செய்தாள். முதல் இரண்டு வகுப்பிலும் ஒன்று என்றால் ஒன்றிலேயே கிளம்பக் கற்றுக்கொடுத்தேன். பிசகே இல்லாத பாடம். அந்தப் பாடத்தோடு மேடை ஏறினால் அவன்மேல் போய் இடிப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இடிக்கட்டும் என்றுதான் இருந்தேன். நான் இல்லாமல் அவனால் ஆட முடியாது என்பதை அறுநூறு பேர் பார்க்கட்டும். கெட்ட எண்ணம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று. அன்று சாயங்காலம் பேட்ரிசியா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "அக்கா, அவரு ரொம்ப நல்லா ஆடுவாராமே. நான் கெடுத்துருவேனோன்னு பயமா இருக்குக்கா. ஏதாச்சும் தப்பானா என்னாலதான்னு சொல்லுவாங்கல்ல?" என்றாள்.

ஆமாம், அப்படித்தான் சொல்வார்கள். அவனும் அப்படித்தான் நம்புவான். மூன்று வருடம் நான் ஊட்டி வளர்த்த நம்பிக்கை அல்லவா? பழி இந்தப் பெண் தலையில் விழும். நான் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

பாட்டைப் போட்டேன். இந்தத் தடவை பிரவீன்ராஜாக ஆடினேன். ஒன்றை விட்டுவிட்டு இரண்டில் காலெடுத்தேன். முழங்கால் இடித்தது.

"அக்கா, நீங்க லேட்டா வர்றீங்க."

"நான் இல்ல பேட்ரிசியா. அவன் இப்படித்தான் வருவான்."

அவளுடைய இடது கையை எடுத்து என் தோளில் வைத்து, எந்த விரல், எந்த இடம், எவ்வளவு அழுத்தம் என்று காட்டினேன். "எட்டுல அழுத்து. அதுக்கு முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். பலமா அழுத்துனா கண்டுபிடிச்சுருவான்." அவள் அழுத்தினாள். சரியாக இருந்தது. முதல் தடவையிலேயே.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை வருஷமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூணு."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது. நீயும் சொல்லிராத."

அவள் தலையாட்டினாள். கையைத் தோளிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாற்காலியில் அந்த அம்மா அடுத்த மணியை உருட்டினார்.

ரிசப்ஷனில் இருவரும் மேடையில் ஆடினார்கள். கூட்டம் அவர்கள் கால்களைப் பார்த்தது. நான் அவன் தோளைப் பார்த்தேன். மருதாணி போட்ட ஒரு விரல் எட்டுக்கு எட்டு அழுந்தி எழுந்தது. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. கைதட்டல் முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"பாத்தியா பிரான்சி? லீட் சரியா இருந்தா புதுசா வர்றவங்களும் ஆடிருவாங்க."

"சூப்பர்டா" என்றேன். அவனுக்குப் பின்னால் நின்ற பேட்ரிசியா தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் கொடைக்கானலில் இருந்தான். வகுப்பை நான் தனியாக நடத்தினேன். அரவிந்தன் என்று ஒருவர் ஜீயபுரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்தார், வாழை விவசாயம். அவருக்கு ஜோடி இல்லாததால் நானே நின்றேன். ஐந்து, ஆறு, ஏழு என்று எண்ணினேன். சரியாக ஒன்றில் இடது காலை வைத்தார். மறுபடியும் சரியாக வைத்தார். நாலைந்து சுற்று போனதும் கூச்சத்தோடு நின்றார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. தோள்ல எதுக்கு அழுத்திக்கிட்டே இருக்கீங்க? ஒண்ணு எனக்கே கேக்குதுங்களே."

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். "பழக்கம்ங்க" என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே யாரும் பாட்டை நிறுத்தவில்லை. எட்டு வரும்போதெல்லாம் என் விரல் என் முழங்காலையே அழுத்திக்கொண்டிருந்தது.